இரண்டு சீனாக்களும் ஒரு சந்தையும்

1

'புதுப்பித்தல்' என்கிற சொல்லைக் கேட்டால் நமக்குச் சட்டென்று சந்தேகம் வருவதில்லை. கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, இனி ஒழுகாது. சாக்கடை தேங்கிக் கிடந்தது, இனி ஓடும். இதிலென்னய்யா அரசியல் என்றுதான் கேட்கத் தோன்றும். ஆனால் யாருடையதை யார் புதுப்பிக்கிறார்கள், பழசாக இருந்தபோது அது யார் கையில் இருந்தது, புதுசான பிறகு யார் கைக்குப் போகிறது என்று அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போனால், அந்தச் சொல் அத்தனை வெள்ளந்தியானது அல்ல என்பது விளங்கும்.

கரீபியன் கடலில் செயின்ட் லூசியா என்றொரு தீவு. மக்கள்தொகை சுமார் 1,80,000. நம்மூர்க் கணக்கில் ஒரு நடுத்தர நகரம்கூட இல்லை. அதன் தலைநகரான காஸ்ட்ரீஸின் பொதுச்சந்தையைப் புதுப்பிக்கும் வேலை 2020களில் தைவானின் பண உதவியோடு எடுத்துக்கொள்ளப்பட்டது. இந்த ஒரு சந்தையை முன்வைத்து, 'உதவி' என்கிற சொல்லாடல் எதைப் பேசுகிறது, எதைப் பேசாமல் விடுகிறது என்று பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

தைவான் தன்னைச் 'சீனக் குடியரசு' என்றுதான் அழைத்துக்கொள்கிறது. பெய்ஜிங்கிலிருந்து ஆள்வது 'சீன மக்கள் குடியரசு'. ஆக, அந்தத் தீவில் நின்றுகொண்டு 'சீன உதவி' என்று சொன்னால், 'எந்தச் சீனா?' என்று திருப்பிக் கேட்பதுதான் முறை. இரண்டுமே அங்கே வந்திருக்கின்றன. இரண்டுமே கட்டிக் கொடுத்திருக்கின்றன. சந்தைக்குள் நுழைவதற்கு முன் இந்தக் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

2

1971 அக்டோபர் 25 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 2758ஆம் தீர்மானம் 76க்கு 35 என்ற வாக்குகளில் நிறைவேறியது. சீனாவுக்கான இருக்கை தைபேயிடமிருந்து பெய்ஜிங்குக்குப் போனது. அதிலிருந்து, தன்னை அங்கீகரிக்கிற நாடுகளை எண்ணிப் பாதுகாப்பது தைவானின் கவலை ஆயிற்று. அந்த எண்ணிக்கையைக் குறைப்பது பெய்ஜிங்கின் வேலை ஆயிற்று. 2024 ஜனவரியில் நவுறு கட்சி மாறியபோது மிஞ்சியவை 12. அதில் 4 கரீபியனில் இருந்தன. இந்தக் கணக்கில் நாட்டின் பரப்போ மக்கள்தொகையோ பொருட்டே இல்லை. இந்தியாவுக்கும் ஒரு வாக்கு, 1979இல் விடுதலையடைந்த செயின்ட் லூசியாவுக்கும் ஒரு வாக்கு. கரும்பும் வாழையும் விற்றுப் பிழைத்த தீவுகளுக்கு விற்பதற்குப் புதுசாக ஒரு சரக்கு கிடைத்தது: அங்கீகாரம்.

செயின்ட் லூசியா 1984இல் தைவானை அங்கீகரித்தது. 1997இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்ததும் பெய்ஜிங் பக்கம் போனது. 2007இல், ஐக்கியத் தொழிலாளர் கட்சியின் ஆட்சியில், மறுபடியும் தைவான். 2011இல் தொழிற்கட்சி திரும்பி வந்தது. இன்னொரு தாவல் வருமோ என்று எல்லோரும் பார்த்திருக்க, 2012இல் தைவானோடேயே இருப்பதென்று முடிவு செய்தது.

பெய்ஜிங் காலத்தில் தீவின் தெற்கே வியூ ஃபோர்ட்டில் ஒரு விளையாட்டரங்கம் கட்டித் தரப்பட்டது. 1997 மாற்றத்தின்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ஜார்ஜ் ஓட்லமின் பெயர் பிற்பாடு அதற்கு வைக்கப்பட்டது. 2009 செப்டம்பரில் அந்த ஊரின் செயின்ட் ஜூட் மருத்துவமனை தீப்பிடித்து எரிந்தது. நோயாளிகளை அரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். தற்காலிகம்தான் என்றார்கள், பத்தாண்டுகளுக்கும் மேலாக அங்கேயே மருத்துவமனை நடந்தது. கொடுத்தவர் நினைத்தது ஓட்டப்பந்தயம். வாங்கியவர்களுக்குக் கடைசியில் தேவைப்பட்டது கட்டில் போட ஒரு கூரை.

பக்கத்துத் தீவான கிரெனடாவின் கதை இன்னும் ருசிகரமானது. 2004இல் ஐவான் புயல் அந்த நாட்டையே சுருட்டிப் போட்டது. 2005இல் அது தைவானைக் கைவிட்டுப் பெய்ஜிங்கை அங்கீகரித்தது. 2007 உலகக்கோப்பைக்காகப் பெய்ஜிங் அதன் கிரிக்கெட் அரங்கத்தைக் கட்டிக் கொடுத்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் திறப்பு விழா. சீனத் தூதர் வந்து நிற்கிறார். போலீஸ் பேண்டு வாத்தியக்குழு தைவானின் தேசிய கீதத்தை வாசித்துவிட்டது. உலகமே சிரித்தது. ஆனால் அந்த வாத்தியக்காரர்கள் அறியாமலேயே ஓர் உண்மையை வாசித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. விழா அதேதான், மேடை அதேதான், நன்றியுரையும் அதேதான். கீதம் மட்டும்தான் மாற வேண்டியிருந்தது.

சிரிப்புக்குப் பின்னால் வேறொன்றும் நடந்தது. 1990க்கும் 2000க்கும் இடையில் தைவானின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி கிரெனடாவுக்குக் கடனாகத் தந்திருந்தது சுமார் 2.8 கோடி டாலர். நட்பு இருந்தவரை அது நட்பு. நட்பு முறிந்த பிறகு நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்கு.

'கொடை' என்பது சும்மா கொடுப்பது அல்ல, கொடுப்பதும் பெறுவதும் திருப்பிச் செய்வதும் சேர்ந்த ஒரு கட்டாயம் என்று 1925இல் மார்செல் மோஸ் எழுதினார். இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பிரெஞ்சு மானிடவியல் அவசியமில்லை. மொய் நோட்டைப் பார்த்தவர்கள் நாம். எழுதி வைத்துக்கொண்டுதான் மொய் செய்கிறோம். அடுத்த விசேஷத்தில் அது திரும்பி வந்தாக வேண்டும். வராவிட்டால் உறவு முறிந்தது என்று பொருள். கிரெனடாவில் நடந்தது அதுதான். மொய் நோட்டை எடுத்துக்கொண்டு ஒருவர் கோர்ட்டுக்குப் போய்விட்டார், அவ்வளவே. ஆனால் மொய்யில் ஒரு நேர்மை உண்டு. விருந்தை வைத்தவர்தான் கடனைத் திருப்புகிறார். இங்கே விருந்தில் உட்கார்ந்தவர்கள் ஒரு பக்கம், கடனைச் சுமப்பவர்கள் வேறு பக்கம்.

3

இதையெல்லாம் வாசிப்பதற்கு நம் கையில் தயாராக இரண்டு வாசிப்புகள் இருக்கின்றன.

ஒன்று, 'கடன்பொறி' வாசிப்பு. சீனாக்காரன் கடனைக் கொடுத்து ஊரை எழுதி வாங்கிக்கொள்கிறான் என்பது. வாஷிங்டனிலும் தில்லியிலும் ரொம்பப் பிரியமாகச் சொல்லப்படுவது இது. 1983 அக்டோபரில் கிரெனடாவுக்குள் படையோடு இறங்கிய வாஷிங்டன், சின்னத் தீவுகளின் இறையாண்மை பற்றிக் கவலைப்படுகிறது! மேலே சொன்ன வழக்கைப் போட்டது பெய்ஜிங் இல்லை. மேற்கின் செல்லப்பிள்ளையான தைவான்தான் என்பதை இந்த வாசிப்பு வசதியாக விட்டுவிடும்.

இரண்டாவது, 'தெற்குலக ஒற்றுமை' வாசிப்பு. இது நம் தோழர்கள் பலருக்குப் பிடித்தது. வெள்ளைக்காரன் உதவி என்றால் நூறு நிபந்தனை. சீனா நிபந்தனையே போடுவதில்லை என்பார்கள். ஒரேயொரு நிபந்தனை உண்டு: மற்ற சீனா இருப்பதாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. தைவான் பக்கத்துக்கும் அதே கதை. ஒரு நாடு யாரோடு பேசலாம் என்பதை விலையாக வைத்துவிட்டு அதற்கு ஒற்றுமை என்று பெயர் சொன்னால் எப்படி?

இந்தியாவும் இந்த விளையாட்டுக்கு வெளியே நிற்கவில்லை. 2007 உலகக்கோப்பையை நாமெல்லாம் டி.வி.யில் பார்த்தோம், நம் அணி முதல் சுற்றிலேயே வெளியேறிய சோகத்தில் அரங்கங்களைக் கவனிக்கவில்லை. ஆண்டிகுவாவின் அரங்கம் பெய்ஜிங் கட்டியது. செயின்ட் கிட்ஸின் வார்னர் பார்க் தைவான் பணம். கயானாவின் பிராவிடன்ஸ் அரங்கம் இந்தியப் பணம். 2019இல் நியூயார்க்கில் கரீபியன் தலைவர்களைச் சந்தித்த இந்தியப் பிரதமர் 1.4 கோடி டாலர் நன்கொடையும் 15 கோடி டாலர் கடன் வசதியும் அறிவித்தார். நாமும் மொய் எழுதுகிறவர்கள்தான்.

ஆண்டிகுவா அரங்கத்தில் 2009 பிப்ரவரியில் இங்கிலாந்தோடு ஒரு டெஸ்ட். பந்துவீச்சாளர் ஓடிவர முடியவில்லை. மணலில் கால் புதைகிறது. 10 பந்துகளோடு ஆட்டம் கைவிடப்பட்டது. மாற்று டெஸ்ட்டை ஊருக்குள் இருந்த பழைய மைதானத்தில் நடத்தினார்கள். பல தலைமுறையாக மக்கள் கூடி ஆடி மிதித்து உண்டாக்கிய தரை அது. அந்தத் தரையை இறக்குமதி செய்ய முடியாது.

மேற்சொன்ன இரண்டு வாசிப்புகளும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. இரண்டிலுமே கதாபாத்திரங்கள் இரண்டு பேர்தான்: கொடுக்கிற அரசு, வாங்குகிற அரசு. அரங்கத்தின் விஷயத்தில் இது ஓரளவு சரி. வெற்று நிலத்தில் அரசு புதிதாகக் கட்டியது அது. சந்தை அப்படியில்லை. அங்கே மூன்றாவதாக ஒருத்தி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறாள்.

4

கரீபியன் சந்தையை உண்டாக்கியவர்கள் அடிமைகள். இது ஏதோ உணர்ச்சிவேகத்தில் சொல்கிற வாக்கியம் அல்ல. ஜமைக்காவை வைத்து சிட்னி மின்ட்ஸும் டக்ளஸ் ஹாலும் 1960இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கமாகவே காட்டுகிறது. அடிமைகளுக்குச் சோறு போடுகிற செலவை மிச்சம்பிடிக்க, கரும்புக்கு உதவாத மேட்டுநிலத்தை அவர்களிடமே விட்டார்கள் தோட்ட முதலாளிகள். ஓய்வு நேரத்தில் பயிரிட்டுத் தின்றுகொள் என்பது ஏற்பாடு. அவர்கள் வள்ளிக்கிழங்கும் வாழையும் போட்டார்கள், கோழி வளர்த்தார்கள், மிஞ்சியதை ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்குத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்றார்கள். கொஞ்ச காலத்தில் நகரத்து வெள்ளைக்காரர்களின் சாப்பாட்டு மேசையே இந்த விற்பனையை நம்பி இருந்தது. தீவில் புழங்கும் நாணயத்தில் ஐந்தில் ஒரு பங்கு அடிமைகள் கையில் இருப்பதாக, தோட்ட முதலாளியான எட்வர்டு லாங்கே 1774இல் கணக்குச் சொன்னார். சட்டப்படி தானே ஒரு 'சரக்கு' ஆன மனுஷி, சரக்கை விற்கிறவளாக உட்கார்ந்த இடம் அது. இதைவிடப் பெரிய கட்டுடைப்பு வேறென்ன வேண்டும்?

அதிகாரம் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பிரெஞ்சுத் தீவுகளுக்காக 1685இல் போடப்பட்ட 'கறுப்புச் சட்டம்' ஞாயிறு சந்தையைத் தடைசெய்தது. எஜமானின் அனுமதி இல்லாமல் அடிமை எதையும் விற்கக் கூடாது என்றது. 1814இல் பிரிட்டனிடம் முடிவாகப் போய்ச்சேரும்வரை செயின்ட் லூசியா இரண்டு வல்லரசுகளுக்கும் இடையே கைமாறிக்கொண்டே இருந்தது. (கொடி மாறுவது அந்தத் தீவுக்கு ஒன்றும் புதுசில்லை.) 1831இல் பிரிட்டிஷ் ஆண்டிகுவாவின் சட்டசபை, ஞாயிறு தெய்வத்துக்கு உரிய நாள் என்று சொல்லிச் சந்தையை ஒழித்தது, மாற்றாக வேறொரு நாளையும் தரவில்லை. அடிமைகள் திரண்டார்கள், கரும்புத் தோட்டங்கள் எரிந்தன, ராணுவச் சட்டம் வந்தது. சந்தைக்காக ஒரு கலகம்! தங்களுடையது என்று அவர்கள் நினைத்ததால்தான் அதற்காக உயிரைப் பணயம் வைத்தார்கள்.

அடிமைமுறை ஒழிந்த பிறகும் பெண்கள் கையில்தான் சந்தை இருந்தது. விற்பவளை செயின்ட் லூசியாவின் கிரியோல் மொழியில் 'மஷான்' என்பார்கள். அவள் தலையில் கட்டும் கட்டம்போட்ட துணிக்குப் பெயர் 'மெட்ராஸ்'. நம் சோழமண்டலக் கரையில் நெய்து, ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பலேறி, அட்லாண்டிக்கைத் தாண்டிப்போன துணி அது. இன்று அத்தீவின் தேசிய உடை. நம் தறிக்கும் அந்தக் கரும்புத் தோட்டத்துக்கும் நடுவே ஓடிய நூலைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டும்.

1890களில் காலனிய அரசு காஸ்ட்ரீஸில் இரும்புச் சட்டமும் சிவப்புக் கூரையுமாக ஒரு சந்தைக் கட்டடத்தை எழுப்பியது. வேலை செய்தவர்கள் லிவர்பூல் பொறியாளர்கள். அதே காலத்தில், 1891இல், ஹைத்தியின் போர்ட் ஓ பிரின்ஸில் பாரிஸிலிருந்து வந்த இரும்பில் ஒரு சந்தை எழுந்தது. 2010 நிலநடுக்கத்தில் அது சிதைந்தபோது எடுத்துக் கட்டியது ஒரு கைபேசி நிறுவன முதலாளியின் பணம். அதே 2010இல் கிங்ஸ்டனில் போலீஸ் ராணுவ நடவடிக்கையின்போது எரிந்த கொரனேஷன் மார்க்கெட்டைப் புதுப்பித்ததும் அந்த நிறுவனம்தான். லிவர்பூல், பாரிஸ், கைபேசி, தைபே. கூரை போடுகிறவர்கள் மாறிக்கொண்டே வருகிறார்கள். கூரைக்குக் கீழே இருக்கிறவள் மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை கூரை மாறும்போதும், அவளுக்கு அந்த இடம் 'கொடுக்கப்பட்டது' என்று ஒரு கதையாடல் கட்டப்படுகிறது. கூரை வருவதற்கு முன்பே அவள் அங்கே இருந்தாள் என்பது மறைந்துபோகிறது.

5

இந்த மறதிக்குக் கொள்கை விளக்கம் தந்தவர் வேறு யாருமில்லை, காஸ்ட்ரீஸில் பிறந்த ஆர்தர் லூயிஸ்தான். 1979இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். 'வரம்பற்ற உழைப்பு வழங்கல்' பற்றி 1954இல் அவர் எழுதிய கட்டுரை வளர்ச்சிப் பொருளாதாரத்தின் மூலப் பிரதிகளில் ஒன்று. ஏழை நாடுகளில் தேவைக்கு மேல் ஆட்கள் குவிந்துகிடக்கும் துறைகளைப் பட்டியலிடும்போது சில்லறை வியாபாரத்தையும் அதில் சேர்க்கிறார். சந்தைகளில் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. பாதியைக் குறைத்தாலும் வாங்குகிறவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்பதுபோல வாதிடுகிறார். வாங்குகிறவருக்குக் குறையாது, சரி. விற்கிறவளுக்கு? அவரது கோட்பாட்டில் அவள் 'உபரி'. தொழிற்சாலை வந்தால் அங்கே போய்விடுவாள். வெளிமூலதனத்தை அழைத்துத் தொழிலை வளர்க்கலாம் என்று 1950இலேயே மேற்கிந்தியத் தீவுகளுக்கு அவர் வழி சொல்லியிருந்தார்.

அவளை உள்வாங்கும் அளவுக்குத் தொழிற்சாலை வரவில்லை. வாழை வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. ஐரோப்பா தந்துவந்த இறக்குமதிச் சலுகைக்கு எதிராக அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 1997இல் வென்றது. செயின்ட் லூசியா பெய்ஜிங் பக்கம் போன அதே ஆண்டு. வாழையை நம்பியிருந்த சின்னச் சம்சாரிகள் நொடித்துப்போனார்கள். பிறகு தீவின் பிழைப்பு சுற்றுலா என்றாயிற்று. காஸ்ட்ரீஸ் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல்கள் நிற்கின்றன. இறங்கி நடக்கிற தூரத்தில் சந்தை. இந்த இடத்தில்தான் 'புதுப்பித்தல்' சூடுபிடிக்கிறது. கிழங்கு விற்கிற இடமாக மட்டும் அதைப் பார்த்தால் கூரையை ஒட்டுப்போட்டாலே போதும். கப்பலில் வருகிறவர் பார்க்கிற காட்சியாகப் பார்த்தால் முழுசாக மாற்றியாக வேண்டும்.

இன்றும் கிழக்குக் கரீபியனின் 100 டாலர் தாளில் இருப்பது லூயிஸின் படம்தான். கிழங்கும் மிளகாயும் விற்று அந்தத் தாளை வாங்கிச் சுருட்டி இடுப்பில் செருகுகிறவளை அவரது கோட்பாடு 'உபரி' என்கிறது. விக்டோரியா அரசும் லூயிஸும் இரண்டு சீனாக்களும் அரசியலில் ஒருவரையொருவர் மறுக்கக் கூடியவர்கள். சந்தைக்காரியைப் பார்க்கிற பார்வையில் மட்டும் ஒன்றாகிறார்கள்.

'அப்ப என்ன, ஒழுகற கூரைக்குக் கீழேயே கெடக்கட்டும்கிறீங்களா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வறுமையை அழகென்று சொல்லி ரசிக்கிற வேலை நமக்கு வேண்டாம். மழை பெய்தால் நனைவது அவள்தான். கழிப்பறை இல்லாவிட்டால் அவதிப்படுவதும் அவள்தான். கூரை வேண்டும். அதைத் தைவான் போடுவதா பெய்ஜிங் போடுவதா என்பதில் அவளுக்குப் பெரிய அக்கறை இருக்க நியாயமில்லை. அவளுக்கு அக்கறை உள்ள கேள்விகள் வேறு. எந்த ஊரிலும், எந்தச் சந்தைப் புதுப்பித்தலிலும் வருகிற கேள்விகள் அவை. கட்டி முடிக்கும்வரை எங்கே உட்காருவது? அங்கே வாடிக்கையாளர் வருவாரா? திரும்பி வரும்போது பழைய இடம் கிடைக்குமா, சீட்டுக் குலுக்கிப் போடுவார்களா? வாடகை என்ன? பட்டியலில் பெயர் இல்லாத, வாரம் இரண்டு நாள் மட்டும் மலையிலிருந்து மூட்டையோடு இறங்கிவருகிறவளுக்கு இடம் உண்டா? கிழங்குக்கு முன்வரிசையா, கப்பல் பயணிக்கு விற்கும் கைவினைப் பொருளுக்கு முன்வரிசையா?

இந்தக் கேள்விகளுக்கு இரண்டு அரசுகள் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் இடமில்லை. அது சதுர அடிகளையும் தொகையையும் நாட்களையும் பேசும். கட்டுமானத்தைப் பெரும்பாலும் கொடுக்கிற நாட்டின் நிறுவனமே எடுத்துக்கொள்ளும். கொடுத்த பணத்தில் பெரும்பங்கு போன வழியே திரும்பும். வாடகையை யார் நிர்ணயிப்பது என்பது 'உள்நாட்டு விவகாரம்' ஆகிவிடும். அடுத்த நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை என்பதல்லவா எல்லோருடைய கொள்கையும்!

6

எல்லாம் முடிந்த பிறகு வாசலில் ஒரு கல் பதிப்பது இத்தகைய திட்டங்களின் வழக்கம். இன்ன நாட்டு மக்களின் நல்லெண்ணத்தால், இன்ன பிரதமர் காலத்தில் என்று அதில் இருக்கும். கல்வெட்டுப் பாடம் படித்த நமக்கு இது பழகிய இலக்கிய வகை: மெய்க்கீர்த்தி. முதலாம் ராஜராஜன் காலத்திலிருந்து சோழக் கல்வெட்டுகளின் தலைப்பில் நிற்பது அது. கோயிலுக்கு வந்த நிலத்தை உழுதவன் பெயர் அந்தத் தலைப்பில் வருவதில்லை. வென்றவர், கொடுத்தவர் பெயர் வரும். உழுதவனைத் தேட வேண்டுமானால் மெய்க்கீர்த்தியைத் தாண்டி, எல்லை, வரி, கடமை என்று கீழே போகிற வறண்ட வரிகளைப் படிக்க வேண்டும். வரலாற்றைக் கீழிருந்து எழுத முயன்றவர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

உதவியையும் அப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. எந்தச் சீனா என்கிற சண்டை மெய்க்கீர்த்தி வரியோடு நின்றுவிடுகிறது; நாளைக்கே இன்னொரு தேர்தல் வந்து கல்லை மாற்றிப் பதித்தாலும் ஆச்சரியமில்லை. கீழே உள்ள வரிகளில்தான் விஷயம் இருக்கிறது: வாடகைப் பட்டியல், இட ஒதுக்கீடு, திறக்கும் நேரம், மூடும் நேரம், யார் கையில் சாவி. 1831இல் ஆண்டிகுவாவில் கலகம் நடந்தது இப்படிப்பட்ட ஒரு வரிக்காகத்தான். எந்தக் கிழமை சந்தை என்கிற ஒரே ஒரு வரி. அன்று அவர்கள் சட்டப்படி மனிதர்கள்கூட இல்லை. ஆனாலும் அந்த வரியைத் தங்களைக் கேட்டு எழுத வேண்டும் என்றார்கள். இன்று அவர்களின் பேத்திகளுக்கு வாக்குரிமை இருக்கிறது, நாடு இருக்கிறது, ஐ.நா.வில் ஓர் இருக்கை இருக்கிறது. காஸ்ட்ரீஸின் புதிய கூரைக்குக் கீழே அந்த வரிகளை எழுதும்போது அவர்களைக் கேட்பார்களா என்பதை வைத்துத்தான் அந்த இருக்கையின் மதிப்பையும் சொல்ல முடியும்.